சிங்கப்பூர் காரை ஊருக்கு இறக்கலாமா? ஒரு கிளியரிங்காரன் கணக்கு

இரவு பத்தரை மணிக்கு மேல் சிங்கப்பூர் நம்பரில் இருந்து போன் வந்தால் எனக்குத் தெரிந்துவிடும். நம்ம ஊர்ப் பையன் யாரோ மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டான். பாரிமுனையில் கிளியரிங் வேலை, அதாவது கப்பலில் வந்த சாமானைச் சுங்கத்தில் இருந்து விடுவித்துக் கொடுக்கிற வேலை, பார்த்து 26 வருடமாகிறது. பிரிட்ஜ், சோபா, பியானோ, ஒருமுறை முழு மரக் கோயில் மண்டபம் என்று எல்லாவற்றையும் இறக்கியிருக்கிறேன். எது கேட்டாலும் "பார்த்துக்கலாம்" என்பேன். கார் என்று சொன்னால் மட்டும் "முதலில் நோட்டு பேனா எடு" என்பேன்.

போன மாதம் பேசிய தம்பி தேவகோட்டைக்காரர். சிங்கப்பூரில் ஒன்பது வருடம். கார் வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. "அண்ணே, இங்கே பதிவை ரத்து செய்தால் சி.ஓ.இ.யில், அதாவது கார் வைத்துக்கொள்ள இங்கே காசு கொடுத்து வாங்குகிற உரிமத்தில், மிச்சக் காலத்துப் பணம் திரும்ப வந்துவிடும். வெறும் வண்டி மட்டும் சல்லிசாக நிற்கும். அதை ஊருக்கு ஏற்றிவிடலாமா? வீட்டுச் சாமானோடு சாமானாகப் போய்விடாதா?"

போகாது. எல்லோரும் வழுக்கி விழுகிற முதல் படி இதுதான். ஊரைவிட்டுப் போய் வருடக்கணக்கில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு வீட்டுச் சாமான்களில் சலுகை உண்டு. ஆனால் 1962-ஆம் வருடத்துச் சுங்கச் சட்டம், 'பேக்கேஜ்' என்றால் என்ன என்று சொல்லும்போதே மோட்டார் வாகனம் அதில் சேராது என்று எழுதி வைத்திருக்கிறது. பிரிவு 2, உட்பிரிவு 3. நீங்கள் இருபது வருடம் அங்கே உழைத்திருந்தாலும் சரி, கார் என்பது தனி இறக்குமதி. தனி பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கல் செய்கிற இறக்குமதிப் பத்திரம்), தனி டியூட்டி.

அடுத்து, வண்டி உள்ளே வரத் தகுதி உள்ளதா என்று பார்க்க வேண்டும். பணம் கட்டத் தயார் என்பதால் மட்டும் விடமாட்டார்கள். பழைய வாகனத்துக்கு வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் வைத்திருக்கிற நிபந்தனைகளை நான் போனில் சொல்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். துபாய், தோகா, மஸ்கட்டில் இருந்து கூப்பிடுகிறவர்களோடு என் பேச்சு இந்த ஒரு வரியோடு முடிந்துவிடும். அங்கே ஓடுவதெல்லாம் இடது ஸ்டியரிங். "மாற்றி வைத்துக் கொண்டுவரலாமே" என்பார்கள். இங்கே வந்ததும் சோதனைச் சாலையில், கம்பெனி அந்த மாடலுக்கு வாங்கிய அசல் ஹோமோலகேஷனோடு, அதாவது சாலையில் ஓட வாங்கிய அங்கீகாரத்தோடு, வண்டி ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ஷெட்டில் வைத்து அறுத்து ஒட்டிய வண்டி அங்கே நிற்காது. சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, ஜப்பான்காரர்கள் மட்டும் மேலே படிக்கலாம்.

ஸ்பீடாமீட்டர் கிலோமீட்டரில் காட்ட வேண்டும். இது இங்கிலாந்துக்காரர்களுக்கான வரி, அங்கே மைல். முகப்பு விளக்கின் ஒளி இடது பக்கம் ஓட்டுகிற சாலைக்கு ஏற்றபடி விழ வேண்டும். இந்தியாவுக்கு வந்த பிறகு குறைந்தது ஐந்து வருடம் சாலையில் ஓடும் தகுதி இருக்க வேண்டும், அந்தக் காலத்துக்கு சர்வீஸ் வசதி உண்டு என்ற உறுதியும் கொடுக்க வேண்டும். இங்கே விற்காத மாடலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கு இந்தக் கடைசி வரி சும்மா காகிதத்தில் தாண்டிவிடுகிற சமாச்சாரம் என்று தோன்றும். அப்புறம் ஒரு பின்பக்க விளக்கு உடைந்து, அது ஜப்பானில் இருந்து வர மூன்று மாதம் காத்திருக்கும்போதுதான் அந்த வரியின் அருமை தெரியும்.

இறங்கும் இடம் மும்பை மட்டும். சென்னைத் துறைமுகம் என் ஆபீஸ் ஜன்னலில் இருந்து பார்க்கிற தூரம். நாள் முழுக்கப் புதுக் கார்கள் அங்கே கப்பல் ஏறுகின்றன. ஆனால் ஒரு பழைய காரைக்கூட அங்கே இறக்க முடியாது. தூத்துக்குடியும் இல்லை, கொச்சியும் இல்லை. ஆக மும்பையில் ஒரு ஏஜெண்ட், அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு லாரி வாடகை, நடுவில் நீங்கள் ஒருமுறையாவது போய்வருகிற செலவு என்று எல்லாம் இதில் சேரும்.

கடைசியாக வயது. வண்டி தயாரான நாளில் இருந்து மூன்று வருடத்துக்குள் இருக்க வேண்டும். பதிவு செய்த நாள் கணக்கில்லை. இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதில் அடிபட்டவன் நான்.

2019-ல் மதுரைக்காரர் ஒருவர் வண்டி. சிங்கப்பூர் லாக் கார்டில், அதாவது அந்த ஊர் வண்டிப் பதிவுச் சீட்டில், தயாரிப்பு வருடம் 2016 என்று இருந்தது. முதல் பதிவு நவம்பர் 2016. லாக் கார்டில் தயாரிப்புக்கு வருடம்தான் போட்டிருக்கும், மாதம் இருக்காது. நவம்பரில் பதிவென்றால் ஆகஸ்ட், செப்டம்பரில் தயாராகியிருக்கும் என்று நானாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். ஆகஸ்ட் கடைசியில் மும்பை வந்துவிடும், விளிம்பில் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கேட்டுச் சரிபார்க்கவில்லை.

கண்டெய்னரைத் திறந்து வண்டியை வெளியே உருட்டினார்கள். அதிகாரி வயதானவர், நிதானமாக வேலை பார்க்கிறவர். இன்ஜின் பக்கம் போகவே இல்லை. டிரைவர் சீட் கதவைத் திறந்து, சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தார். கடைசிவரை இழுத்தால் அடியில், தைத்த இடத்தருகே, ஒரு துணிச் சீட்டு இருக்கும். அதில் பெல்ட் தயாரித்த தேதி அச்சாகியிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். மார்ச் 2016. அப்புறம் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு ஜன்னல் கண்ணாடியின் மூலையிலும் இருக்கிற தயாரிப்புக் குறியைப் பார்த்தார். என்னைப் பார்த்து, "கம்பெனியிடம் இருந்து தயாரிப்பு மாதத்துக்குக் கடிதம் வாங்கி வா" என்றார். கடிதம் வந்தது. ஏப்ரல் 2016. மூன்று வருடம் தாண்டி நான்கு மாதம்.

நிபந்தனையை மீறி வந்த சரக்கு என்றால் சட்டப்படி பறிமுதல், பிரிவு 111. அதை மீட்க பிரிவு 125-ல் ஒரு மீட்பு அபராதம், 112-ல் இன்னொரு அபராதம். மதுரைக்காரர் அபராதத்தைக் கட்டி வண்டியைத் திருப்பி அனுப்ப அனுமதி வாங்கினார். அதற்குள் 71 நாள். அந்த 71 நாளுக்கும் யார்டு வாடகை ஓடியது. என் கமிஷனை நான் வாங்கவில்லை, அதைச் சொல்லிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. அவர் மகள் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை, அதுவும் நியாயம்தான்.

அதனால் இப்போது யார் கூப்பிட்டாலும் முதலில் அவர்களைக் கீழே பார்க்கிங்குக்கு அனுப்பி சீட் பெல்ட்டை இழுக்கச் சொல்கிறேன். அந்தச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். பெல்ட் தேதி வண்டியின் தேதி ஆகாது, அதற்கு முந்தியதாகத்தான் இருக்கும். ஆனால் அதிகாரிக்கு எங்கே சந்தேகம் வரும் என்று அது காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் கம்பெனிக் கடிதம். ஜப்பான் உள்நாட்டு வண்டிகளின் சேஸிஸ் எண்ணில் மற்றப் பல நாட்டு வண்டிகளைப் போல 17 எழுத்தும் அதில் வருடக் குறியும் இருக்காது, அதனால் அவர்களுக்குக் கடிதம் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாட்களை எண்ணும்போது கப்பல் ஏறும் நாளோடு நிறுத்தாதீர்கள், மும்பையில் சேரும் நாள்வரை எண்ணி, அதற்கு மேல் ஒரு மாதம் கை மிச்சம் வையுங்கள்.

இத்தனையும் தாண்டினால்தான் பணக் கணக்கு.

சிங்கப்பூரில் வண்டிக்கு நீங்கள் கொடுத்த விலை, அதாவது சி.ஓ.இ.யும் அந்த ஊர் வரியும் சேர்ந்த அந்தப் பெரிய எண், இங்கே யாருக்கும் வேண்டாம். நீங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் சல்லிசாக வாங்கினேன் என்று காட்டுகிற ரசீதையும் அப்படியே நம்பமாட்டார்கள். வண்டி தயாரான வருடத்தில் கம்பெனி விலை என்ன என்று எடுத்து, அதில் தேய்மானம் கழிப்பது வழக்கம். முதல் வருடம் காலாண்டுக்கு 4 சதவீதம், இரண்டாம் வருடம் 3, மூன்றாம் வருடம் இரண்டரை. அதன்மேல் கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேர்ந்தால் சி.ஐ.எஃப். மதிப்பு. ரூபாயாக மாற்றுவதும் கூகுள் ரேட்டில் இல்லை, சுங்கத்துறை அறிவிக்கிற ரேட்டில்.

தேவகோட்டைத் தம்பிக்குப் போட்ட கணக்கையே தருகிறேன். புரிவதற்காக முழு எண்ணாக்கியிருக்கிறேன். கம்பெனி விலை 25 லட்சம். இரண்டு வருடம் முடிந்த வண்டி, தேய்மானம் 16-ம் 12-ம் சேர்ந்து 28 சதவீதம். மிச்சம் 18 லட்சம். கப்பல், இன்சூரன்ஸ் 2 லட்சம் என்று வைத்தால் சி.ஐ.எஃப். 20 லட்சம்.

பழைய காருக்கு அடிப்படைச் சுங்க வரி 125 சதவீதமாக இருந்தது. 2025 பட்ஜெட்டில் அதை 70 ஆக்கினார்கள். பேப்பரில் தலைப்பைப் பார்த்துவிட்டு அன்றைக்கு எனக்கு வந்த போன்களுக்கு அளவில்லை. ஆனால் அதே பட்ஜெட்டில் விவசாயக் கட்டமைப்பு செஸ் என்று 67.5 சதவீதம் ஏற்றினார்கள். முன்பு 125-ம் அதன்மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரியும் சேர்ந்து 137.5. இப்போது 70-ம் 67.5-ம் சேர்ந்து அதே 137.5. இடது பையில் இருந்து வலது பைக்குப் போனது, அவ்வளவுதான்.

20 லட்சத்துக்கு 137.5 சதவீதம் என்றால் 27 லட்சத்து 50 ஆயிரம். வண்டி இப்போது 47 லட்சத்து 50 ஆயிரம். ஜி.எஸ்.டி.யை இந்த 47.5 மேல்தான் போடுவார்கள், 20 மேல் அல்ல. வரிக்கு வரி. 2025 செப்டம்பர் 22-ல் இருந்து பெரிய கார்களுக்கு 40 சதவீதம். ஆக 19 லட்சம். மொத்தம் 66 லட்சத்து 50 ஆயிரம். நான்கு மீட்டருக்குள் இருக்கிற, 1200 சிசிக்கு மேல் போகாத பெட்ரோல் கார் என்றால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஆனால் அந்த அளவு காரை யாராவது கடல் தாண்டித் தூக்கி வருவார்களா?

இதற்குமேல் தமிழ்நாட்டில் பதிவு. 2023 நவம்பருக்குப் பிறகு 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்குத் தக்கபடி இறங்கும். இருந்தாலும் சுங்க வரியும் சேர்ந்த விலையை வைத்துத்தான் பார்ப்பார்கள் என்பதால், அது தனியாக ஒரு சின்னக் கார் விலைக்கு வந்து நிற்கும்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். "அண்ணே, 18 லட்சத்து வண்டிக்கா?" என்றார்.

சரி, இவ்வளவு கேட்டும் ஏற்றுவேன் என்கிற ஆட்கள் உண்டு. அப்பா ஓட்டிய வண்டி, கடைசி ஆசை என்று ஒருவர் வந்தார். பணம் பெரிதில்லை, இந்த நிறத்தில் இங்கே கிடையாது என்று இன்னொருவர். அவர்களுக்கான வேலை இப்படிப் போகும்.

வண்டியை ஏற்றும் முன்பே, அந்த நாட்டில் இந்திய அரசு ஏற்றுக்கொள்கிற சோதனை அமைப்பிடம் இருந்து சான்றிதழ் வாங்க வேண்டும். இதை இறங்கியபின் வாங்கிக்கொள்ளலாம் என்று எந்த ஏஜெண்ட் சொன்னாலும் அவரை விட்டுவிடுங்கள். கப்பல் போனபிறகு அந்தச் சான்றிதழுக்கு வண்டி எங்கே இருக்கிறது? பதிவு நீக்கிய ஆவணம், அசல் ரசீது, பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டு), இன்சூரன்ஸ், பாஸ்போர்ட் நகல், கம்பெனிக் கடிதம் எல்லாம் ஒரே பைலில் இருக்கட்டும். பெயர் எல்லாவற்றிலும் ஒரே எழுத்தில் இருக்கட்டும். நம்மவர்களுக்கு அப்பா பெயர் ஒரு காகிதத்தில் இனிஷியலாகவும் இன்னொன்றில் முழுசாகவும் இருக்கும். அதற்கே இரண்டு நாள் போகும்.

கண்டெய்னரில் ஏற்றும்போது டேங்கில் பெட்ரோல் கொஞ்சமாகத்தான் இருக்க வேண்டும், பேட்டரி கம்பியைக் கழற்றிவிட வேண்டும், நான்கு சக்கரத்திலும் லாஷிங் கட்ட வேண்டும். டிக்கி காலியாக இருக்க வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. டிக்கியில் மைலோ டின், கோடாலித் தைலம், நான்கு கம்பளி என்று திணித்து அனுப்புவார்கள். மேனிபெஸ்டில், அதாவது கப்பல் சரக்குப் பட்டியலில், கார் ஒன்று என்று இருக்கும். திறந்தால் மளிகைக் கடை. ஆயிரம் ரூபாய் தைலத்துக்காக முழு வண்டியையும் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பிப்பார்கள்.

கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரியைத் தாக்கல் செய்துவிட வேண்டும். தாமதமானால் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், அதற்குமேல் தினம் 10,000. டியூட்டியை நேரத்தில் கட்டாவிட்டால் வருடத்துக்கு 15 சதவீத வட்டி. ஆகவே பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலுக்குக் காத்திருங்கள், கப்பல் வந்தபின் நகைக்கடனுக்கு ஓடாதீர்கள். சொந்த உபயோகத்துக்கு ஒரு வண்டி என்றால் இறக்குமதியாளர் கோடு எண் தனியாக வாங்கத் தேவையில்லை.

இறங்கியபின், வெளியே விடும் முன், வண்டியை மறுபடி சோதிப்பார்கள். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சிச் சங்கம், அகமத்நகரில் (இப்போது அகில்யாநகர்) உள்ள ராணுவத் துறை வாகன ஆராய்ச்சி நிலையம், மத்தியப் பிரதேசத்து புத்னியில் உள்ள பண்ணை இயந்திரச் சோதனை நிலையம், இந்த மூன்றில் ஒன்று சான்று தர வேண்டும். மும்பைக்குப் பக்கம் என்பதால் பெரும்பாலும் புனேதான். இதற்கு நாளாகும், அந்த நாளுக்கெல்லாம் யார்டு வாடகை உண்டு. எத்தனை நாள் என்று என்னிடம் கேட்காதீர்கள். 2019-க்குப் பிறகு நான் நாள் சொல்வதில்லை.

அசல் பில் ஆஃப் என்ட்ரி கைக்கு வந்ததும் லேமினேட் செய்யப் போகாதீர்கள், ஆர்.டி.ஓ. ஆபீசில் அசலைக் கேட்பார்கள். படிவம் 20-ஓடு சுங்க அனுமதிச் சான்றும் கொடுக்க வேண்டும்.

இப்போது சிலர், "எதற்கு இந்தத் தலைவலி, ஏற்கெனவே இறங்கிய வண்டி ஒன்று பாதி விலைக்கு வருகிறது" என்பார்கள். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை 'நும்கோர்' என்று பெயர் வைத்து ஒரு வேட்டை நடத்தியது. பூட்டான் மொழியில் அதற்கு வண்டி என்று பொருள். பூட்டானில் கழித்துவிட்ட வண்டிகள் வரி கட்டாமல் எல்லை தாண்டி, போலிக் காகிதத்தில் வடக்கே பதிவாகி, கேரளத்துக்கு வந்து சேர்ந்தன என்பது குற்றச்சாட்டு. சினிமாக்காரர்கள் வீட்டு வாசலிலேயே போய் நின்றார்கள். அதனால் இறக்குமதி வண்டி என்று யாராவது காட்டினால் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பில் ஆஃப் என்ட்ரி எண், தேதி, எந்தத் துறைமுகம் என்று மூன்றையும் கேளுங்கள். பழைய வண்டியாக இறங்கியதற்கு மும்பையைத் தவிர வேறு பெயர் சொன்னால், டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வண்டியை இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டாம், ஊர் சுற்றிவிட்டுத் திரும்ப எடுத்துப்போகிறேன் என்றால் கார்னே என்கிற தற்காலிக அனுமதி வழி இருக்கிறது. உங்கள் நாட்டு ஆட்டோமொபைல் சங்கத்தில் பணமோ வங்கி உத்தரவாதமோ கட்டி கார்னே புத்தகம் வாங்கிக்கொண்டால், டியூட்டி இல்லாமல் ஆறு மாதம்வரை ஓட்டலாம். கோலாலம்பூரில் இருந்து ஒரு குடும்பம் அப்படி வந்து ராமேஸ்வரம்வரை போய்விட்டு வந்தது. ஆறு மாதம் தாண்டினால் அந்த உத்தரவாதத்துக்கு ஆபத்து. 50 வருடத்துக்கு மேற்பட்ட விண்டேஜ் வண்டிக்காரர்கள் உலகமே வேறு, அதற்கு நான் ஆளில்லை.

தேவகோட்டைத் தம்பி மறுநாள் காலையிலேயே கூப்பிட்டார். காரை அங்கேயே விற்றுவிடுகிறாராம். காரைக்குடியில் புது வண்டிக்கு முன்பணமும் போட்டாயிற்று. வைக்கும் முன், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, "அண்ணே, பைக் ஒன்று இருக்கிறது. அதையாவது...?" என்றார்.

"அதற்கும் அதே மூன்று வருடம்தான் தம்பி. அதே மும்பைதான்."

"சீட் பெல்ட் இல்லையே அண்ணே" என்று சிரித்தார்.